சால்திரான் 1514: ஷா இஸ்மாயில் ஏன் சமவெளியில் நின்றார்?

1514 ஆகஸ்ட் 23. இன்றைய ஈரானின் வடமேற்கு மூலையில், துருக்கி எல்லையை ஒட்டினாற்போல் கிடக்கும் சால்திரான் சமவெளியில் இரண்டு படைகள் மோதின. ஒரு பக்கம் உதுமானிய (ஒட்டோமான்) சுல்தான் முதலாம் செலீம். எதிர்ப்பக்கம் ஈரானில் சஃபவி அரசை நிறுவிய ஷா இஸ்மாயில், வயது 27. அதுவரை தாமே நடத்திய எந்தப் பெரிய போரிலும் தோற்காதவர். அன்று இருட்டுவதற்குள் அவருடைய குதிரைப்படை நொறுங்கிவிட்டது. காயத்தோடு தப்பித்து ஓடினார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அவருடைய தலைநகரான தப்ரீஸுக்குள் செலீம் நுழைந்தார்.

இந்தப் போரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே வரிதான்: துப்பாக்கியும் பீரங்கியும் வாளையும் வில்லையும் வென்றன. பொய்யில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. எதிரியிடம் பீரங்கி இருப்பது தெரியும். அவன் படை பட்டினியில் வாடுவதும் தெரியும். இன்னும் நான்கு வாரம் பின்வாங்கிக்கொண்டே போயிருந்தால் அவனே திரும்பியிருக்கக்கூடும். அப்படியிருக்க இஸ்மாயில் ஏன் திறந்த வெளியில் நின்றார்? அடுத்தது, இவ்வளவு பெரிய வெற்றி பெற்ற செலீமால் தப்ரீஸில் ஒரு குளிர்காலம்கூடத் தங்க முடியாமல் போனது ஏன்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு செலீமுக்கு உண்மையான எதிரி இஸ்மாயில் அல்ல. தூரம், தீனி, சொந்தப் படையின் முணுமுணுப்பு, இவைதான். அந்த எதிரிகளிடம் தோற்கவிருந்த சுல்தானுக்கு, அவர் ஏங்கிக் காத்திருந்த ஒன்றை இஸ்மாயில் தாமே கொண்டுவந்து கொடுத்தார்: ஒரு நேரடிப் போர்.

வீட்டுக்குள் இருந்த எல்லை

இதை இரு நாட்டு எல்லைத் தகராறு என்று நினைத்தால் பாதிதான் புரியும். தகராறு வரைபடத்தில் இருந்ததைவிட அனதோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின், மேய்ச்சல் நிலங்களில், கூடாரங்களில் இருந்தது.

இஸ்மாயிலின் முன்னோர்கள் அரசர்கள் அல்லர். வடமேற்கு ஈரானின் அர்தபீல் ஊரில் ஒரு சூஃபி மடத்தை நடத்திவந்த குருமார்கள். அந்த மடத்துக்கு அனதோலியாவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் திரிந்த துருக்மான் குலங்களில் ஏராளமான சீடர்கள். ஷாம்லு, ருமுலு, உஸ்தாஜ்லு, தெக்கெலு, அஃப்ஷார், காஜார் என்று நீளும் இந்தக் குலங்கள் பன்னிரண்டு மடிப்பு வைத்த சிவப்புத் தொப்பி அணிந்தன. மடிப்புக்கு ஒரு இமாம். அதனால் கிஸில்பாஷ், அதாவது செந்தலையர், என்ற பெயர். 1501-இல் இவர்களுடைய வாள் பலத்தில்தான் இஸ்மாயில் தப்ரீஸைப் பிடித்து ஷாவாக முடிசூடி, பன்னிரு இமாம் ஷியா நெறியை அரசு மதமாக அறிவித்தார். அப்போது அவருக்கு 14 வயதுதான்.

இவர்களுக்கு இஸ்மாயில் வெறும் ராஜா அல்ல, முர்ஷித், அதாவது குரு. பலருக்கு அதற்கும் மேலே; இறையருள் இறங்கிய உருவம். போரில் அவர் பக்கம் இருந்தால் உடம்பில் ஆயுதம் பாயாது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். இந்த நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அவர் எடுத்த முடிவுகளைப் படிக்கப் போனால், அந்த மனிதரே பிடிபட மாட்டார்.

இப்போது உதுமானியத் தலைநகர் இஸ்தான்புல்லில் இருந்து பாருங்கள். உங்கள் குடிமக்களில் ஒரு பெரும் பகுதி அண்டை நாட்டு அரசரைத் தெய்வமாகக் கும்பிடுகிறது. அவருக்குக் காணிக்கை அனுப்புகிறது. கூப்பிட்டால் போய் அவர் படையில் சேர்கிறது. போதாக்குறைக்கு, இந்த நாடோடிக் குலங்களுக்கு உதுமானிய அரசின் வரிப் பதிவேடும் அதிகாரியும் ஆகவே ஆகாது. 1511-இல் தெற்கே தெக்கெ பகுதியில் ஷாகுலு என்பவர் தலைமையில் கலகம் வெடித்தது. கிளர்ச்சியை அடக்கப் போன தலைமை அமைச்சர் ஹாதிம் அலி பாஷாவே சிவாஸ் பக்கம் நடந்த மோதலில் செத்தார்; ஷாகுலுவும் செத்தார். அடுத்த ஆண்டு நூர் அலி கலீஃபா என்ற ருமுலு தலைவர் தோகாத் வட்டாரத்தில் இன்னொரு கலகத்தை நடத்தினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போருக்கு முந்தைய இரவில் மீண்டும் வருவார்.

இதையெல்லாம் முதுமையில் இருந்த சுல்தான் இரண்டாம் பாயசீத் சமாளிக்கத் திணறியபோது, அவர் மகன் செலீம் கருங்கடற்கரையில் திராப்சோன் ஆளுநராக இருந்தார். சஃபவிகளின் வளர்ச்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். 1512-இல் சுல்தானின் நிரந்தரப் படையான ஜானிசரி காலாட்படையின் ஆதரவோடு தந்தையை இறக்கிவிட்டு அரியணை ஏறினார். தந்தை சில வாரங்களில், தலைநகரை விட்டுப் போகும் வழியிலேயே இறந்தார். அண்ணன்மார் கோர்குதும் அகமதும் 1513-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். அகமதின் மகன் முராத் ஓடிப்போய் அடைக்கலம் கேட்ட இடம் எது? இஸ்மாயிலின் அரசவை.

படையெடுப்புக்கு முன் செலீம் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கிஸில்பாஷ்கள் மதம் விலகியவர்கள், அவர்களை எதிர்த்துப் போர் புரிவது கடமை என்று உலமாக்களிடம் (மத அறிஞர்களிடம்) ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வாங்கினார். இரண்டு, அனதோலியாவில் இருந்த ஷா ஆதரவாளர்களைப் பட்டியல் எடுத்து ஒடுக்கினார். 40,000 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள் என்று அவருடைய ஆளான இத்ரீஸ் பித்லீசியின் நூல் சொல்கிறது. இந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. அரசவை எழுத்தில் பெரிய எண் என்பது பெருமைக்குப் போடுவது. எண் எதுவானாலும், கிஸில்பாஷ்களின் வழிவந்த அனதோலியாவின் அலெவி மக்களிடம் அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணையின் மூன்றாவது பாலத்துக்கு யாவுஸ் சுல்தான் செலீம் என்று இவர் பெயரையே வைத்தபோது அவர்கள் எதிர்த்தார்கள். 2016-இல் அதே பெயரோடு பாலம் திறக்கப்பட்டது.

அப்புறம் பட்டு. ஈரானியப் பட்டு அனதோலியா வழியாக வருவதையே செலீம் தடுத்தார். எதிரியின் வருமானத்தில் கை வைப்பது நோக்கம். சொந்த நாட்டு வணிகர்களும் நெசவாளர்களும் சேர்ந்து அடிபட்டார்கள்.

நடந்தே பாதி செத்த படை

1514 மார்ச்சில் எதிர்னேயில் இருந்து புறப்பட்டது படை. இஸ்தான்புல், கோன்யா, கைசேரி, சிவாஸ், எர்சிஞ்சான். சால்திரான் சேர 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மாதம். ஜூலையில் சிவாஸில் ஆள் கணக்கு எடுத்தபோது 1,40,000 பேர் இருந்தார்கள் என்று உதுமானியக் குறிப்புகள் சொல்கின்றன. அதில் சுமார் 40,000 பேரைக் கைசேரிக்கும் சிவாஸுக்கும் நடுவே நிறுத்திவிட்டுத்தான் செலீம் மேலே நகர்ந்தார். முதுகுப்பக்கம் மறுபடி கலகம் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது ஒரு காரணம். இன்னொன்று எளிமையானது: கிழக்கே அவ்வளவு வாய்களுக்குச் சோறு கிடையாது.

சோறு ஏன் இல்லை என்றால், தியார்பக்கீரின் சஃபவி ஆளுநர் முகமது கான் உஸ்தாஜ்லு அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தார். பின்வாங்கும்போதே பயிரைக் கொளுத்தினார், ஊர்களைக் காலி செய்தார், மேய்ச்சல் புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் காலப் படையில் மனிதனைவிட அதிகம் தின்பது மிருகம். குதிரைக்கு வாற்கோதுமை, சுமை மாட்டுக்குப் புல். கப்பலில் திராப்சோன் வரை தானியம் வரும். அங்கிருந்து மலை ஏறி ஒட்டகத்திலும் கோவேறு கழுதையிலும் வரவேண்டும். வழியில் துல்காதிர் சிற்றரசர் அலாவுத்தௌலா உதவ மறுத்தார்; அவருடைய ஆட்களே தீனி வண்டிகளைக் கொள்ளையடித்தார்கள்.

இப்படி வெந்த மண்ணில் நடந்துகொண்டே செலீம் இஸ்மாயிலுக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றை மிரட்டல் கடிதங்கள் என்று மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் அடியில் ஓடுவது ஒரே கெஞ்சல்: வெளியே வா. அரசன் என்றால் நாட்டைக் காக்க வரவேண்டாமா, எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று சீண்டினார். உன் முன்னோர் தொழிலுக்கே போய்விடு என்ற பொருளில் துறவியின் அங்கியும் தடியும் அனுப்பினார். இஸ்மாயில் பதிலுக்கு ஒரு தங்கப் பெட்டியில் அபின் அனுப்பினார். இந்தக் கடிதங்களை உங்கள் எழுத்தர் போதையில்தான் எழுதியிருக்க வேண்டும், சரக்கு தீர்ந்திருக்கும், வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பது அதன் அர்த்தம். நல்ல பதில்தான். கொண்டுவந்த தூதர் தலைதான் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், துருக்கியப் பேரரசரான செலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில். பாரசீக ஷாவான இஸ்மாயில் ‘கதாயி’ என்ற புனைபெயரில் எழுதியது துருக்கியில். இதை இரண்டு இனங்களின் சண்டை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

படைக்குள் புகைச்சல் முற்றியது. எர்சிஞ்சான் தாண்டியும் எதிரியைக் காணோம். ஜானிசரிகளுக்குக் கால் வலித்தது, வயிறு காய்ந்தது; எதிரே இருப்பவர்களும் முஸ்லிம்கள்தானே என்ற உறுத்தல் வேறு. திரும்பிவிடலாம் என்று சொல்லப் போன கரமான் ஆளுநர் ஹெம்தெம் பாஷா, செலீமின் சிறுவயதுத் தோழர். அவர் தலையையே வெட்டச் சொன்னார் சுல்தான். அதற்குப் பின்னும் அடங்கவில்லை. எலெஷ்கிர்த் பக்கம் முகாமிட்டபோது ஜானிசரிகள் சுல்தானின் கூடாரத்தை நோக்கியே சுட்டார்கள். செலீம் குதிரையேறி அவர்கள் நடுவே போய், வர விருப்பமில்லாதவன் வீட்டுக்குப் போகலாம், நான் தனியாகவாவது போவேன் என்ற பொருளில் பேசினார் என்பது உதுமானிய வரலாறுகளில் வரும் காட்சி. பேச்சின் வார்த்தைகளில் எழுத்தாளர்களின் கைவண்ணம் இருக்கலாம். ஆனால் சொந்தப் பாதுகாப்புப் படையே சுடும் நிலைக்கு ஒரு சுல்தான் வந்திருந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் ஷா சால்திரானில் வந்து இறங்கியிருக்கிறார் என்ற செய்தி வந்தது.

ஏன் வந்தார்?

திமிர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. திமிர் இருந்தது உண்மை. 1510-இல் மர்வ் அருகே உஸ்பெக் தலைவர் முகமது ஷைபானி கானை வென்று, அவர் மண்டையோட்டைப் பொன் பூசிக் குடிக்கும் கோப்பையாக்கிக்கொண்டவர்; தோலில் வைக்கோல் அடைத்து உதுமானிய சுல்தானுக்கே அனுப்பியவர். ஆனால் திமிர் மட்டும் காரணம் என்றால், முகமது கான் ஊர் ஊராகக் கொளுத்தும்வரை அவர் ஏன் பொறுமையாக இருந்தார்?

கொளுத்தும் உத்திக்கு ஒரு விலை உண்டு. எரிந்தது எதிரியின் நாடல்ல, சஃபவிகளின் சொந்த மேற்கு மாகாணங்கள். கிஸில்பாஷ் குலங்களின் சொந்தப் புல்வெளிகள். அந்த நெருப்பு தப்ரீஸ் வரை வந்துவிட்டால் அரசின் இதயமே போச்சு. 1512-இல் கிழக்கே கஜ்துவானில் உஸ்பெக்குகளிடம் சஃபவி தளபதி நஜ்ம்-ஏ-சானி தோற்றுக் கொல்லப்பட்ட அவமானமும் ஆறாமல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, குரு என்று கும்பிடப்படுபவர் வசவை வாங்கிக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. ஒரு சாதாரண அரசன் ஓடலாம். ஓடுவதற்குப் பெயர் தந்திரம் என்பார்கள். வெல்லமுடியாதவர் என்ற நம்பிக்கையின் மேல் அரசு கட்டியவருக்கு அந்த வசதி இல்லை. செலீம் அதைத்தான் கடிதத்தில் குறிபார்த்து அடித்தார்.

ஆகஸ்ட் 22, இரவு

உதுமானியப் படை குன்றுகளைத் தாண்டிச் சமவெளியின் விளிம்புக்கு வந்தபோது களைத்துப்போயிருந்தது. செலீம் கூட்டிய ஆலோசனையில் அமைச்சர்கள் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள். ஞாயமான யோசனை. கருவூல அதிகாரி பீரி மெஹ்மெத் மட்டும் எதிர்த்தார்: நம் படையிலேயே, குறிப்பாக எல்லையோரக் குதிரை வீரர்களில், ஷாவிடம் மனம் சாய்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் கொடுத்தால் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், விடிந்ததும் மோதிவிட வேண்டும். செலீம் அதை ஏற்றார். படை விவகாரத்தில் ஒரு கணக்குப்பிள்ளையின் பேச்சு எடுபட்டதில் எனக்கு வியப்பில்லை. படையில் எத்தனை நாள் தீனி மிச்சம் என்று அவருக்குத்தானே தெரியும்.

எதிர்ப்பக்கக் கூடாரத்தில் நடந்தது இன்னும் முக்கியமானது. முகமது கான் உஸ்தாஜ்லுவும், முன்பு பார்த்தோமே அந்த நூர் அலி கலீஃபாவும், உதுமானியரோடு நேரில் மோதிப் பழகியவர்கள். அவர்கள் சொன்னது: படை மலையில் இருந்து இறங்கி அணிவகுக்கும் முன்பே தாக்குங்கள்; வண்டிகளை இணைத்துக் கோட்டை கட்டிவிட்டார்களானால் அப்புறம் நெருங்க முடியாது. ஷாவுக்கு நெருக்கமான துர்மீஷ் கான் ஷாம்லு இதைக் கோழைத்தனம் என்று தள்ளினார். அவர்கள் தயாராகட்டும், பிறகு மோதுவோம் என்றார். இஸ்மாயில் துர்மீஷ் கான் பக்கம் சாய்ந்தார். வணிகக் கூட்டத்தை வழிமறிக்கும் கொள்ளைக்காரனா நான் என்று கேட்டதாகச் சஃபவி வரலாற்று நூல்களே எழுதிவைத்திருக்கின்றன.

இந்த முடிவின் கனம் புரிய, அந்தக் காலத் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. குழலில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் மருந்து வைத்து, கனலும் திரியைச் சரிசெய்து சுடவேண்டும். ஒரு முறை சுட்டு மறுமுறை சுடுவதற்குள் தேர்ந்த கிஸில்பாஷ் வில்லாளி குதிரை மேல் இருந்தபடியே பல அம்புகள் விட்டுவிடுவான். மருந்து இடித்துக்கொண்டிருக்கும் காலாளின் மேல் குதிரை பாய்ந்தால் அவன் கதை முடிந்தது. ஆக வெறும் துப்பாக்கி குதிரையை வெல்லாது. குதிரை நுழைய முடியாத ஒரு வேலி வேண்டும். உதுமானியர் அதை வண்டிகளால் செய்தார்கள். பீரங்கி வண்டிகளையும் சுமை வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து, அதன் பின்னால் ஜானிசரிகளை நிறுத்தினார்கள். ஹங்கேரியப் போர்களில் எதிரிகளிடம் கற்றுக்கொண்டது இது. இந்த வேலி இல்லாவிட்டால் ஜானிசரி வெறும் களைத்த காலாள். வேலி போட நேரமும் இடமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இஸ்மாயில் கொடுத்தார்.

சஃபவிகளுக்கு வெடிமருந்து தெரியாது என்ற கதையையும் இத்தோடு விட்டுவிடலாம். கோட்டை முற்றுகைகளில் அவர்களும் பீரங்கி பயன்படுத்தியவர்கள்தான். திறந்தவெளிப் போருக்கு இழுத்துவரவில்லை, அவ்வளவே. ஒரு நாளில் நெடுந்தூரம் பாயும் குதிரைப்படைக்குப் பீரங்கி ஒரு கால்விலங்கு. வீரனுக்கு அழகல்ல என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

போர்

படை அளவு பற்றிய எண்கள் நூலுக்கு நூல் மாறும். உதுமானியர் 60,000 முதல் 1,00,000 வரை, சஃபவிகள் 40,000 அல்லது அதற்கும் கீழே என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. நடுவில் செலீம், அவரைச் சுற்றி ஜானிசரிகள். வலப்பக்கம் சினான் பாஷாவின் அனதோலியக் குதிரைப்படை. இடப்பக்கம் ஹசன் பாஷாவின் ருமேலியப் படை (ருமேலியா என்றால் உதுமானியரின் ஐரோப்பியப் பகுதி). பீரங்கிகளை மறைத்தபடி முன்னால் அசாப் என்ற காலாட்கள். எதிரி நெருங்கியதும் இவர்கள் இரு பக்கமும் விலகவேண்டும், பின்னால் இருக்கும் பீரங்கிகள் அப்போது முழங்கவேண்டும்.

இஸ்மாயில் நடுவைத் தொடவில்லை. அது அவர் கண்ணுக்குத் தெரிந்த பொறி. படையை இரண்டாகப் பிரித்து இரு ஓரங்களிலும் பாய்ந்தார். வலது அணியைத் தாமே நடத்தி ருமேலியப் படை மேல் விழுந்தார். அந்தப் பக்கம் திட்டம் பலித்தது. ருமேலிய அணி சிதறியது, ஹசன் பாஷா செத்தார். எல்லைப்போர்களில் புகழ்பெற்ற மல்கோசோலு சகோதரர்கள் இருவரும் அன்று விழுந்தார்கள். அந்த மணிநேரத்தில் பார்த்தவன் ஷாதான் ஜெயிக்கிறார் என்று சொல்லியிருப்பான்.

மறு ஓரத்தில் முகமது கான் உஸ்தாஜ்லு. இங்கே சினான் பாஷா அசாப்களைச் சரியான நேரத்தில் விலக்கினார். பீரங்கிகள் கிட்டத்தில் இருந்து வெடித்தன. முகமது கான் முதலிலேயே விழுந்தார், அவர் அணி கலைந்தது. முந்தின இரவு எதைச் சொல்லி எச்சரித்தாரோ, அதுவே அவரைக் கொன்றது. ஓரம் காலியானதும் ஜானிசரிகளின் துப்பாக்கி முழுவதும் இஸ்மாயிலின் அணி பக்கம் திரும்பியது. அவர் சங்கிலி வேலியை நோக்கி மறுபடி மறுபடி பாய்ந்தார். வெடிச்சத்தத்துக்குப் பழகாத குதிரைகள் மிரண்டன. குண்டு பட்டு, குதிரையோடு விழுந்து, பிடிபடும் நிலைக்கு வந்தார் ஷா. அப்போது மிர்சா சுல்தான் அலி அஃப்ஷார் என்ற வீரர் ‘நான்தான் ஷா’ என்று கத்திக்கொண்டு உதுமானியர் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டார். இன்னொருவர் தம் குதிரையைக் கொடுத்தார். இஸ்மாயில் தப்பினார்.

முகாம் முழுதும், அரண்மனைப் பெண்கள் சிலர் உட்பட, செலீம் கையில் விழுந்தது. உதுமானியர் நெடுந்தூரம் துரத்தவில்லை. பின்வாங்குவது போல நடித்து மடக்குவார்களோ என்ற பயம் ஒன்று. துரத்த வலுவுள்ள குதிரை இல்லாதது இன்னொன்று. ஷாவைப் பிடிக்காமல் விட்டதற்கான விலையை அடுத்த 100 ஆண்டுகளுக்கும் மேல் அவர்கள் கட்டினார்கள்.

கையில் வந்த தப்ரீஸ்

செப்டம்பர் முதல் வாரத்தில் செலீம் தப்ரீஸுக்குள் நுழைந்தார். பள்ளிவாசலில் அவர் பெயரில் குத்பா, அதாவது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், ஓதப்பட்டது. கைவினைக் கலைஞர்களும் வணிகர்களும் குடும்பம் குடும்பமாக இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டார்கள். தப்ரீஸில் தஞ்சமிருந்த தைமூர் வம்ச இளவரசர் பதீவுஸ்ஸமானும் போனார். கரபாக் புல்வெளியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் ஈரானுக்குள் இறங்குவது செலீமின் எண்ணம். ஜானிசரிகள் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்கள். ஷாவையே வென்ற சுல்தான் சொந்தக் காலாட்களிடம் தோற்றார். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் தங்கிவிட்டு நக்சிவான், கார்ஸ் வழியாகத் திரும்பி அமாஸ்யாவில் குளிர்காலம் கழித்தார். அங்கேயும் கலகம். அமைச்சர்கள் தலை உருண்டது. இஸ்மாயில் சீக்கிரமே தப்ரீஸில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் ஒரு மணிபதித்த அரியணை இருக்கிறது. சால்திரானில் பிடித்த ஷா இஸ்மாயிலின் அரியணை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மையில் அது 18-ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட நாதிர் ஷா உதுமானியருக்கு அனுப்பிய பரிசு. வெற்றிக்கு ஒரு பொருள் சாட்சி வேண்டியிருந்திருக்கிறது, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டார்கள்.

போர்க்களத்தில் கிடைக்காத நிலம் பிறகு வேறு வழியில் கிடைத்தது. குர்து நாட்டைச் சேர்ந்த அறிஞர் இத்ரீஸ் பித்லீசி, செலீமின் ஆளாகக் கிழக்கு மலைகளில் சுற்றி, குர்து தலைவர்களை ஒவ்வொருவராகப் பேசி வளைத்தார். முன்பு தம்மிடம் பணிந்து வந்த இதே தலைவர்களில் பலரை இஸ்மாயில் சிறையில் போட்டு, அவர்கள் மண்ணில் கிஸில்பாஷ் ஆளுநர்களை உட்கார வைத்திருந்தார். செலீம் நேர்மாறாகச் செய்தார். உங்கள் கோட்டை உங்களுக்கே, உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்கு. எங்கள் பக்கம் நின்றால் போதும். பெயர் எழுதாத சாசனங்களில் முத்திரை மட்டும் குத்தி இத்ரீஸிடம் கொடுத்தனுப்பினார் என்பார்கள். யாருக்கு எது என்று அவரே நிரப்பிக்கொள்ளலாம். 1515-இல் கெமாஹ் கோட்டை, பிறகு துல்காதிர் நாடு, பிறகு தியார்பக்கீர். 1516-இல் கோச்ஹிசார் போரில் கடைசிச் சஃபவி எதிர்ப்பும் முறிந்தது. கிழக்கு அனதோலியா கைமாறியது 1514-இன் ஒரு நாள் போரிலா, 1515–16-இன் பேரத்திலா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். முதலாவது இல்லாமல் இரண்டாவது படிந்திருக்காது என்பதும் உண்மை.

பாடம் படித்தது யார்?

இஸ்மாயில் அதன்பின் ஒரு படையையும் தாமே நடத்தவில்லை. வேட்டையிலும் மதுவிலும் நாளைக் கழித்தார் என்று எழுதுகிறார்கள். 1524 மே மாதம், 37 நிறையும் முன்பே இறந்தார். ஆனாலும் துப்பாக்கிப் படையை உருவாக்கும் வேலையை அவரே தொடங்கிவைத்தார். மகன் தஹ்மாஸ்ப் 1528-இல் ஜாம் என்ற இடத்தில் உஸ்பெக்குகளுக்கு எதிராக நடுவில் வண்டியும் பீரங்கியும் நிறுத்தி வென்றார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1526-இல், பாபர் பானிபட்டில் செய்ததும் இதையேதான். வண்டிகளை ‘ரூம் நாட்டு முறைப்படி’ பிணைக்கச் சொன்னேன் என்று அவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். ரூம் என்றால் உதுமானிய நாடு. சால்திரானின் சங்கிலி வண்டி பன்னிரண்டே ஆண்டில் தில்லி வாசலுக்கு வந்துவிட்டது.

ஆனால் தஹ்மாஸ்ப் படித்த பெரிய பாடம் பீரங்கி பற்றியது அல்ல. செலீமின் மகன் சுலைமான் 1534-லிலும் 1548-லிலும் 1553–54-லிலும் தந்தையைவிடப் பெரிய ஏற்பாடுகளோடு படையெடுத்து வந்தார். தஹ்மாஸ்ப் ஒரு முறைகூட அவர் முன் சமவெளியில் நிற்கவில்லை. பயிரைக் கொளுத்தினார், ஊரைக் காலி செய்தார், தப்ரீஸையே திறந்து விட்டுவிட்டு மலைக்குள் போனார். சுலைமான் வருவார், தப்ரீஸைப் பிடிப்பார், பனி விழும், தீனி தீரும், திரும்புவார். பின்னாலேயே தஹ்மாஸ்ப் வருவார். தலைநகரையும் எல்லையில் இருந்து தள்ளி கஸ்வீனுக்கு மாற்றிக்கொண்டார். கோழை என்று இவரைத் திட்டியவர்கள் அன்றும் உண்டு. பறிபோனதும் நிறைய: 1534-இல் பாக்தாத், 1548-இல் வான். ஆனால் அரசு தப்பித்தது. இவர் குருவாக அல்ல, அரசராக யோசித்தார். 1555 மே மாதம் அமாஸ்யாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் பாக்தாதும் வானும் சுல்தானுக்குப் போயின. தப்ரீஸ் ஷாவிடமே நின்றது.